இருபத்தோரு நிமிடங்கள்

உள்ளே வாப்பாவின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். சஃப்ரின் அடுத்த அறையில் அவருடைய போனைத் திறந்து, காலை அழைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மையித்து வீட்டில் செய்கிற வேலையா இது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் தெரிந்துகொள்ளாமல் விட முடியவில்லை.

தென்காசி வீட்டிலிருந்தே சென்னை சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அவள் பார்க்கும் வேலையும் இதுதான். ஒரு புரோகிராம் பாதியில் நின்றுபோனால் எப்போது, எந்த இடத்தில், அதற்கு முன் என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் பிடித்து வரிசையாக ஒரு கோப்பில் எழுதவைக்க வேண்டும். பயன்படுத்துகிறவருக்கு மட்டும் பதற்றமில்லாத ஒற்றை வரி: ஏதோ தவறு நடந்துவிட்டது, மன்னிக்கவும்.

9.10க்கு அவள் தம்பி சமீருக்கு வாப்பா இரண்டு தடவை அடித்திருக்கிறார். அவன் எடுக்கவில்லை. வாப்பா விழுந்தது 9.31க்கு. இது தெரிந்தால் ஆயுசுக்கும் அவனை அரித்துக்கொண்டே இருக்கும் என்று பயந்தாள்.

எனக்காகக் காத்திருக்க வேண்டாம், மதியம் லுஹர் தொழுகைக்கே அடக்கிவிடுங்கள் என்று துபாயிலிருந்து சொன்னவன் அவன்தான். இப்போது அவள் போனில் மறுபடியும் கூப்பிட்டான்.

"ஹார்ட் அட்டாக்லே. கஷ்டப்படல," என்றாள்.

"அது ஊருக்குச் சொல்லுதது. எனக்கு முழுசாச் சொல்லுக்கா. ரெண்டு தடவ அடிச்சிருக்காவ. என் போன் வேல எடத்து லாக்கர்ல கெடந்துச்சு. நெஞ்சு வலிக்குன்னு சொல்லத்தான் கூப்பிட்டாவளா?"

ஒளிக்க நினைத்தது அவன் கையிலேயே இருந்தது. சஃப்ரின் வாப்பாவின் போனை மறுபடி பார்த்தாள். சம்பந்தமில்லாதது என்று அவள் தள்ளிவிட்ட வரி ஒன்று மேலே இருந்தது.

"9.24க்கு மோட்டார் மெக்கானிக்ட்ட நாலு நிமிசம் பேசியிருக்காவலே."

"என்ன பேசுனாவ?"

"அது இதுல இருக்காதே."

மெக்கானிக் இசக்கிமணி வாசலில்தான் சாரலில் நனைந்தபடி நின்றிருந்தார். அவள் போனை அணைக்காமலே அவரிடம் போய்க் கேட்டாள்.

"ஏசுனாவம்மா," என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. "நேத்தே வாரேன்னு ஏமாத்திட்டேன்லா. 'புது மோட்டார் எது நல்லதுன்னு மவன்ட்ட கேக்க அடிச்சேன், வேலைல இருக்கான் போல, நீயே பாத்து வாங்கிட்டு வாலே'ன்னாவ. கொரல் கணீர்னு இருந்துச்சு."

சஃப்ரினுக்கு அழுகை வந்தது.

"அக்கா," என்றான் சமீர். "போன அவர்ட்ட குடு. எப்படி ஏசுனாவன்னு கேக்கணும்."

இசக்கிமணி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, போனை இரண்டு கையாலும் வாங்கினார்.