பொட்டு வைத்த ரோபோ

எங்கள் கம்பெனியில் ஆண்டுக்கு இருபத்து நாலு மணி நேரம் சமுதாயத்துக்குத் தொண்டு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட மாட்டார்கள். ஆனால் வருடக் கடைசியில் மார்க் போடும்போது மேனேஜர் நம் முகத்தைப் பார்க்காமல் பேசுவார். மரம் நடலாம், கண்மாய்க் கரையில் பிளாஸ்டிக் பொறுக்கலாம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோட்டிக்ஸ் சொல்லிக் கொடுக்கலாம். மதுரை வெயிலை நினைத்துப் பார்த்து, கூரை உள்ள தொண்டாக மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். ‘கிராமத்துப் பிஞ்சு நெஞ்சங்களில் அறிவியல் ஆர்வத்தை விதைக்க வந்த முகமது யாசீன்’ என்று பிறகு மேடையில் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

சமயநல்லூரிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் போனால் அந்தப் பள்ளி. சனிக்கிழமை தோறும் தெற்கு வாசலிலிருந்து பைக்கில் போவேன். போனதும் போட்டோ, வரும்போது போட்டோ, இரண்டுக்கும் நடுவில் ஸ்டேட்டஸ். ஒரு நாள் என் மனைவி ஆயிஷா சித்திகா போனைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “நீங்க பாடம் எடுக்கப் போறீங்களா, படம் எடுக்கப் போறீங்களா?” நான் டீ கிளாஸை வாயில் வைத்துக்கொண்டேன்.

கம்பெனி அந்தப் பள்ளிக்கு ஆறு ரோபோ கிட் கொடுத்திருந்தது. ஆறும் தலைமையாசிரியர் மலைச்சாமியின் அறையில், கண்ணாடிக் கதவு போட்ட பீரோவில், பிளாஸ்டிக் உறை கிழியாமல் பத்திரமாக இருந்தன. பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கலாம்.

“தம்பி, இது அம்புட்டும் ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏறுன சாமான். ஒரு ஸ்க்ரூ காணாமப் போனாலும் நான்தான் பதில் சொல்லணும். நீங்க போர்டுல படம் போட்டு நடத்துங்க. நம்ம பிள்ளைக கற்பூரம், பிடிச்சுக்கிரும்” என்றார்.

நீச்சலைக் கரும்பலகையில் கற்றுக் கொடுப்பதுபோல் மூன்று வாரம் மோட்டார் படம் வரைந்தேன். நாலாவது வாரம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கிட்டை மட்டும் வெளியே எடுத்தேன். அதிலும் பிளாஸ்டிக் தகட்டில் கீறல் விழக் கூடாது என்று சொல்லித் தகட்டைப் பீரோவிலேயே வைத்துக்கொண்டார். சக்கரம் இருந்தது, மோட்டார் இருந்தது, அவற்றைப் பொருத்தத்தான் உடம்பு இல்லை.

அந்த உடம்பைக் கொண்டு வந்தவள் பாண்டிமீனா. ஒன்பதாம் வகுப்பு. அவள் அம்மா ராக்கம்மாள் பரவை மார்க்கெட்டில் காய்கறி தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறவர். அங்கே உடைந்து கிடந்த தக்காளிப் பெட்டியின் அடித்தகட்டை அறுத்து, சூடான கம்பியால் ஓட்டை போட்டு எடுத்து வந்தாள். அடுத்த மூன்று வாரத்தில் வயரைப் பிரித்தாள், சேர்த்தாள், திரும்பப் பிரித்தாள். என் ப்ரோக்ராமில் ஒரு தப்பையும் கண்டுபிடித்தாள். வண்டியின் முகப்பில் சின்னதாக இரண்டு உருண்டைக் கண்கள். அவை காதுக்குக் கேட்காத சத்தத்தை அனுப்பி, எதிரே ஏதாவது இருந்தால் எதிரொலியை வைத்துத் தெரிந்துகொள்ளும். தெரிந்ததும் வண்டி பின்னால் வந்து, திரும்பி, வேறு வழியில் போகும். முதல் முறை அது சுவரில் மோதாமல் திரும்பியபோது பாண்டிமீனா போட்ட சத்தத்தில் சத்துணவுக் கூடத்துக் காக்கைகள் பறந்தன. எனக்கே கண் கலங்கியது. அன்றைக்கு மட்டும் போட்டோ எடுக்க மறந்துவிட்டேன்.

மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குப் பள்ளிக்கு ஒரு பிள்ளை போகலாம். தேர்வானவர்களுக்கு மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பத்து நாள் பயிற்சி.

“அங்க பீரோவுக்குப் பூட்டே கிடையாதாம் சார். எதை வேணாலும் எடுத்துப் பாக்கலாமாம். என் பேரை எழுதிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“எழுதிருவோம்மா” என்றேன்.

எழுதவில்லை. படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது மலைச்சாமி நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். “முகேஷ் பேரைப் போடுங்க தம்பி. பெற்றோர் சங்கத் தலைவர் நல்லகாமன் மகன். நீங்க கிளாஸ் எடுக்குற ஹால் அவரு கட்டிக் குடுத்தது. சாவி அவருகிட்டதான் இருக்கு. பையன் இங்கிலீஷும் பேசுவான். அந்தப் புள்ள பேசுமா?”

“செஞ்சது அவ சார்.”

“செய்றவன் வேற, சொல்றவன் வேற. நாட்டுல எல்லாம் அப்படித்தான நடக்குது?”

ஒரு பெயருக்காக முப்பது பிள்ளைகளின் வகுப்பு நின்றுவிடக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். இன்னும் ஆறு மணி நேரத் தொண்டு பாக்கி இருந்ததும் உண்மை. என் கையெழுத்து அழகாக இருக்கும். ‘உருவாக்கிய மாணவர்: ந. முகேஷ்’ என்று அழகாகவே எழுதினேன்.

கண்காட்சிக்குப் போகும் ரோபோவைக் கல்வி அதிகாரி பார்வையிட வந்த நாளில் பந்தல், மைக் செட், நாற்காலிக்கு வெள்ளை உறை எல்லாம் தயார். ஊரே வந்திருந்தது. முகேஷ் புது ஷூவில் ரோபோ பக்கத்தில் நின்று உதட்டை அசைத்து ஒப்பித்துக்கொண்டிருந்தான். பாண்டிமீனாவை வாசலில் சந்தனத் தட்டோடு நிறுத்தியிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் மைக் வயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

அதிகாரி வந்து மேடையில் உட்கார்ந்ததும் மலைச்சாமி மைக்கைப் பிடித்தார். “புது வண்டிய எந்த ஊர்லயாவது பூசை போடாம எடுப்பாகளா?” கூட்டம் கை தட்டியது. மேடைக்குக் கீழே வரவழைத்த பாண்டிமீனாவின் தட்டிலிருந்தே சந்தனத்தை அள்ளினார். வண்டியில் பொட்டு வைக்க வாகாக இரண்டு வட்டங்கள் அவர் கண்ணில் பட்டன. வலது கண்ணில் ஒரு அப்பு, இடது கண்ணில் ஒரு அப்பு, மேலே குங்குமம். நான்கு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். சூடம் காட்டி, “முகேஷ், எடுப்பா வண்டிய!” என்றார்.

முகேஷ் பொத்தானை அமுக்கினான். எலுமிச்சம்பழத்தில் ஏற முடியாமல் வண்டி உறுமியது. யாரோ பழத்தைக் காலால் தள்ளிவிட்டார்கள். வண்டி நகர்ந்தது. பின்னால்தான் நகர்ந்தது. கண்ணை அடைத்த சந்தனத்தையே சுவர் என்று நினைத்து, பின்வாங்கித் திரும்பி, மறுபடி பின்வாங்கித் திரும்பிக்கொண்டே இருந்தது.

மலைச்சாமி சளைக்கவில்லை. “ஐயாவைப் பார்த்ததும் பின்வாங்குது பாருங்க! மரியாதை தெரிஞ்ச ரோபோ!”

அதிகாரி சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

என்ன கோளாறு என்று அந்தப் பந்தலில் எனக்குத் தெரியும். துடைக்க ஒரு நொடி போதும். கர்ச்சீப்பை எடுத்தும்விட்டேன். சுற்றிலும் போன்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தன. பூசை போட்ட வண்டியின் குங்குமத்தை யாசீன் என்கிற ஒருவன் அழிக்கிறான் என்று அந்த வீடியோ சாயங்காலத்துக்குள் மேலூர் வரைக்கும் போகும். யாரும் என்னை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்களோ என்னவோ. அதைச் சோதித்துப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. கர்ச்சீப்பால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பாண்டிமீனா வந்தாள். நேராக மேடையேறி, வண்டியைத் தூக்கி, தாவணி முனையைத் திரித்துக் கண்ணுக்குள் விட்டாள்.

“ஏ புள்ள! சாமிக்கு வச்சத அழிக்காத!” என்று மலைச்சாமி மைக்கிலேயே கத்தினார்.

“அழிக்கல சார். நெத்தியில வைக்கிறத நீங்க கண்ணுல வச்சுப்புட்டீக. நெத்திக்கு மாத்துறேன்.” சொன்னபடியே தக்காளிப் பெட்டித் தகட்டில் அழகாக ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் இறக்கிவிட்டாள். வண்டி நேரே ஓடி, அதிகாரியின் ஷூவுக்கு ஒரு சாண் முன்னால் நின்று, ஒதுங்கித் திரும்பிப் போனது. பந்தல் அதிரக் கை தட்டினார்கள்.

அதிகாரி முகேஷைக் கூப்பிட்டார். “எதுக்க ஆள் இருக்குறது இதுக்கு எப்படித் தெரியுது?”

முகேஷ் ஆங்கிலத்தில் அப்துல் கலாம் பாணியில் கனவுகளைப் பற்றி ஆரம்பித்தான். “அது இல்லப்பா, எப்படித் தெரியுது?” என்று மறுபடி கேட்டதும் பையன் நின்றான். நல்ல பையன், பொய் சொல்லப் பழக்கியது பெரியவர்கள்தான். “எனக்குத் தெரியாது சார். பேச மட்டும்தான் என்னைச் சொன்னாங்க. செஞ்சது பாண்டிமீனா.”

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். “இதுல உன் பேர்ல இருக்கு. யார் எழுதுனது?”

மலைச்சாமி பந்தல் மின்விசிறியை ஆராய்ந்தார். இரண்டாவது வரிசையில் நல்லகாமன் இடுப்புச் சாவிக்கொத்தைத் தடவினார். பாண்டிமீனா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்னொரு முறையும் குனிந்திருப்பேனோ என்னவோ. அவள் பார்க்காததுதான் தாங்கவில்லை.

“நான்தான் சார் எழுதுனேன். தெரிஞ்சே எழுதுனேன்” என்றேன். மைக் பக்கத்தில் நின்றிருந்ததால் ஊருக்கே கேட்டது.

அவர் பேனாவை நீட்டினார். முகேஷ் என்ற பெயரை அடித்துவிட்டு மேலே பாண்டிமீனா என்று எழுதினேன். இந்த முறை கையெழுத்து கோழி கிளறியதுபோல் விழுந்தது. மறுவாரம் ஹால் பூட்டிக் கிடந்தது. வேப்ப மரத்தடியில் வகுப்பு எடுத்தேன். அந்தத் தொண்டுக்கு வெயில் உண்டு.

கண்காட்சி நாளில் வயர் கழன்றால் உதவலாம் என்று நானும் அவள் மேசைக்குப் பின்னால் நின்றேன். நடுவர் அம்மா வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிரொலி, தூரம், தக்காளிப் பெட்டி என்று எல்லாக் கேள்விக்கும் பாண்டிமீனா பட்டுப் பட்டென்று பதில் சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

“பிரமாதம்மா. யார் சொல்லிக் குடுத்தா?”

போட்டோவுக்கு நிற்பதுபோல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“யாசீன் சார்தான் மேடம், இந்தா நிக்கிறாரு. நல்லாச் சொல்லிக் குடுப்பாரு” என்றாள் பாண்டிமீனா. “மொதல்ல என் பேரை எழுதாம விட்டதும் இவருதான்.”

நடுவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.