துளை அடைக்கும் வரை

சுரங்க வாயை அடைத்த கான்கிரீட் அப்படியேதான் இருந்தது. அதற்கு இடப்பக்கம் பாறையைக் குடைந்து, ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்குப் புதிதாக ஒரு பொந்து. ரௌஷன் கதிர்வீச்சு மானியை அதன் விளிம்பில் நீட்டினாள். முள் லேசாக ஆடி நின்றது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. பயம் கீழே ஈர மண்ணில் கிடந்த டயர் தடத்தைப் பார்த்துத்தான் வந்தது. நேற்றைய மழைக்குப் பிறகு பதிந்த தடம்.

பின்னால் நின்ற விதாலிக்கு முகம் வெளுத்துவிட்டது. அறுபத்தைந்து வயது ரஷ்யர். சோவியத் காலத்தில் இந்த மலைக்குள் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தபோது இளம் பொறியாளராக இருந்தவர். நாடு உடைந்து பட்டாளம் போன பிறகு, கைவிட்ட சுரங்கங்களை நிரந்தரமாக மூட மூன்று நாட்டு ஆட்கள் சேர்ந்து வந்திருந்தார்கள். எந்தச் சுரங்கத்தில் என்ன கிடக்கிறது என்பது விதாலிக்குத் தெரியும். சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. கான்கிரீட்டும் லாரிகளும் அமெரிக்கர் வெய்னின் பொறுப்பு. மலை கசாக்கியர்களுடையது, அவர்கள் சார்பில் ரௌஷன்.

"பதினேழாம் சுரங்கத்துல ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே ஐயா?"

"சொல்லச் சொன்னாங்கம்மா."

"இப்ப என்ன சொல்றீங்க?"

விதாலி பற்றவைக்காத சிகரெட்டை விரலுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார். "ஒரு குண்டு சரியா வெடிக்கல. அதோட புளூட்டோனியம் அப்படியே உள்ள மண்ணோட கலந்து கிடக்கு. பையில அள்ளிட்டுப் போயிடலாம்."

மாஸ்கோவிலிருந்து அனுமதி எழுத்தில் வராமல் கான்கிரீட் ஊற்ற முடியாது என்றார் வெய்ன். எழுத்தில் வரப் பதினைந்து நாள் ஆகும் என்றார் விதாலி.

"அள்ளுறவனுக்கு ஒரு மத்தியானம் போதும்," என்று சொல்லிவிட்டு ரௌஷன் ஜீப்பில் ஏறினாள்.

பழைய இரும்புக்காரர்களின் கூடாரம் ஆறு மைல் தள்ளி, வெட்டவெளியில் இருந்தது. கூட்டுப்பண்ணை கலைந்து, ஆடுகளும் போன பிறகு, சுரங்கங்களுக்குள்ளிருந்து செம்புக் கம்பி உருவி விற்றுத்தான் அங்கே நாற்பது குடும்பம் பிழைத்தது. அவர்களுக்குத் தலைவன் ஒராஸ், பள்ளியில் ரௌஷனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

"வாங்க மேடம்! காத்துல விஷம் எவ்வளவு, அளந்து சொல்லுங்க."

"உன் வாயில இருக்கிறத அளக்க எங்ககிட்ட மிஷின் இல்லடா."

ஆட்கள் சிரித்தார்கள். அவன் மனைவி பால் தேநீரும் பொரித்த பவுர்சாக் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். ரௌஷன் பதினேழு என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றான் ஒராஸ். அவள் தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஆறு வருஷமா உங்க லாரியெல்லாம் என் கண்ணு முன்னாலதான் போகுது. ஒரு வரி எழுதிக் கொடுத்திருப்பேனா? செம்புன்னா இன்னைக்கும் வந்திருக்க மாட்டேன்."

ஒராஸ் எழுந்து லாரிக்குப் பின்பக்கம் நடந்தான். அவளும் போனாள்.

"புதுசா ஒருத்தன் வந்தான். இந்தப் பக்கத்து ஆளு இல்ல. செம்பைத் திரும்பிக்கூடப் பாக்கல. உள்ள கடைசியில கிடக்கிற மண்ணும் உருகின கல்லும் ஒரு வாளி போதுமாம். அதுக்கு ஒரு வீடு வாங்கித் தரானாம்."

"யாரு ஒத்துக்கிட்டது?"

"என் மச்சினன். நாளைக்குக் காலையில இறங்குறான்." குரலைத் தாழ்த்தினான்: "பொந்து நான் போட்டதுதான். மண்ணை வாங்குறானே, கிறுக்கன்னு நெனச்சேன்."

"அந்த மண்ணை ஒரு குண்டோட கட்டி எங்கயோ ஒரு ஊர்ல, சந்தை நாள்ல வெடிப்பாங்கடா. அப்புறம் அந்த ஊர்க்காரங்க வருஷக்கணக்கா ஆஸ்பத்திரி வரிசையில நிப்பாங்க. உங்கம்மாவும் எங்கம்மாவும் நின்ன மாதிரி."

ஒராஸ் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். செமெய் நகரத்துப் புற்றுநோய் வார்டில் இரண்டு அம்மாக்களுக்கும் அடுத்தடுத்த கட்டில். ஒரே குளிர்காலத்தில் போனார்கள்.

"போலீஸ்?"

"வரும். உன்ன விட்டுடுவாங்கன்னு பொய் சொல்ல மாட்டேன். நீயா வந்து சொன்னேன்னு நான் சாட்சி சொல்றேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

"ரொம்பப் பெரிய உத்தரவாதம்," என்று காறித் துப்பிவிட்டு அவன் கூடாரத்துக்குள் போனான். திரும்பி வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் அவள் பதினேழுக்குத் திரும்பி, ஜீப்பைப் பொந்துக்குக் குறுக்கே, பாறையை உரசும்படி நிறுத்தினாள். மாவட்டக் காவலுக்கு ஃபோன் போட்டாள். அவ்வளவு தூரத்திலிருந்து நாளை மதியத்துக்கு முன்னால் வர முடியாது என்றார்கள். விதாலி வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார். விதிப்படி நாம் இங்கே தங்கக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வெய்னும் ஏறினார்.

இருட்டிவிட்டது. பிறகு விதாலி சிகரெட் அட்டையைப் பிரித்து, வெள்ளைப் பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தார். சுரங்கத்தின் நீளம், அது திரும்புகிற இடம், கடைசியில் ஒரு பெருக்கல் குறி.

"அனுமதி வந்துடுச்சா ஐயா?"

"வரும்போது வரட்டும்."

வெய்ன் அட்டையை வாங்கி, டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார். "கான்கிரீட் வண்டி நாளைக்கு மத்தியானம் இங்க இருக்கும். என் கையெழுத்துல," என்றார்.

காலையில் புல்வெளியின் ஓரத்தில் புழுதி கிளம்பியது. ஒராஸின் மண் தோண்டும் இயந்திரம், கையைத் தூக்கியபடி நேராக அவர்களை நோக்கி வந்தது. "வண்டிய எடும்மா, இடிச்சுடுவான்," என்றார் விதாலி. ரௌஷன் ஸ்டியரிங்கை விடவில்லை.

பத்தடி தள்ளி அது நின்றது. மேலே ஒராஸ். பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த மச்சினன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தூக்கிய வாளி நிறையப் பாறாங்கல். இன்ஜின் அதிர்வில் ஒன்றிரண்டு கல் நழுவி விழுந்தன. ஒராஸ் ஜீப்பை நகர்த்தச் சொல்லிப் புறங்கையால் சைகை காட்டினான். அவனுக்குப் பின்னால், தூரத்தில், இன்னொரு புழுதி கிளம்பி வந்துகொண்டிருந்தது. காவல்துறையா, மண் வாங்க வந்தவனா, அங்கிருந்து தெரியவில்லை.

ரௌஷன் சாவியைத் திருகி, அந்த வாளி பொந்தை எட்டிக் கல்லைக் கொட்டுகிற அளவுக்கு மட்டும் ஜீப்பைப் பின்னால் எடுத்தாள்.