ட்ரிப்ஸில் சர்க்கரைத் தண்ணீர்

தெருவில் மேஸ்திரி சிமெண்ட் கலவையைக் கிளறும் சத்தம் கேட்டதும், அவள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் எலுமிச்சைச் செடிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. யூனிபார்மை இப்போதே போட்டிருந்தாள்.

தலைக்கு மேலே துணிக்கொடியில் ஒரு சலைன் பாட்டில் தலைகீழாகத் தொங்கியது. அதிலிருந்து இறங்கிய குழாய், ஜாடி மூடியில் வைத்த மஞ்சள் ஸ்பாஞ்சின்மேல் நிமிடத்துக்கு நாலு சொட்டு வீதம் சர்க்கரைத் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தது. பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சர்க்கரை, காய்ச்சி ஆறவைத்தது. பாட்டிலும் குழாயும் தேதி முடிந்து வார்டில் கழித்துப் போட்டவை. மூடியைச் சுற்றிச் சிவப்புத் துணியில் இதழ் வெட்டி ஒட்டியிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக நர்ஸாக இருப்பவள் கட்டிய முடிச்சு, காற்றடித்தாலும் அசையவில்லை.

எல்லாம் அவளைக் கட்டிய வீட்டுக்காரர் கார் புக் பண்ணியதில் தொடங்கியது. காரை நிறுத்த இந்தத் துண்டு மண்ணைத் தவிர வேறு இடமில்லை. அவள் வேண்டாம் என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டுப் பழக்கமில்லாததால் அவர் சிரித்துவிட்டார். பிறகு பெரிய மனசு பண்ணி ஒரு கெடு வைத்தார். "பட்டாம்பூச்சி வரும்ங்கறியே, பத்து நாள்ல ஒண்ணாவது வந்து குடிக்கட்டும். தோட்டத்த விட்டுடறேன்."

எறும்பு வந்தது. ஈ வந்தது. கொடியில் எண்ணெய்த் துணி சுற்றி எறும்பை நிறுத்தினாள். கனிந்து கறுத்த வாழைப்பழத்தை நறுக்கி வைத்தாள். சாயங்காலமானால் அவர் ஜன்னல் வழியாக, "இன்னிக்கு எத்தன பேஷண்ட் அட்மிஷன்?" என்று கேட்பார். எதிர்வீட்டுக்காரர்கூடக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அவமானத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் பாத்திரம் தேய்க்கும்போதுதான் அது உறைத்தது. நான் வாழ்கிற வீட்டின் மண்ணுக்கு ஒரு பூச்சி வந்து ஏன் சாட்சி சொல்ல வேண்டும்?

நேற்றோடு பத்து நாள் முடிந்தது.

"எந்திரி. பேசினா பேசினபடி இருக்கணும்," என்றபடி வந்தார் வீட்டுக்காரர்.

"பேசினது நீங்க. நான் எப்போ சரின்னேன்?"

அவர் யோசித்துப் பார்த்தார். அவள் சரி சொன்னதாக அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மேஸ்திரி கலவைச் சட்டியோடு உள்ளே வந்து நின்றார். "என்ன சார், போடட்டுமா? கலவ இறுகிடும்."

"போடுங்க. அவ எந்திரிச்சுடுவா."

"நாற்காலியோட சேத்துப் போடுங்க மேஸ்திரி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

மேஸ்திரி தர்மசங்கடமாக இருவரையும் பார்த்தார். பிறகு, கூலி கொடுப்பவர் சொன்னபடி, தள்ளி ஒரு மூலையில் குந்திக் கரண்டியை எடுத்தார். வியர்வை முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு வழிந்தது.

அப்போதுதான் ஒரு பட்டாம்பூச்சி மதிலைத் தாண்டி வந்தது. கறுப்பு, இறக்கையில் மஞ்சள் புள்ளிகள். ஸ்பாஞ்சை ஒரு சுற்றுச் சுற்றியது. சிவப்புத் துணி இதழைச் சட்டைகூடப் பண்ணவில்லை. நேராகப் போய் மேஸ்திரியின் மணிக்கட்டில் உட்கார்ந்து, சுருட்டி வைத்திருந்த குழலை நீட்டியது.

"கைய ஆட்டாதீங்க," என்றாள்.

ஊசி போடும்போது சொல்கிற குரல். போன மாதம் ஆணி குத்தி அவளிடம் ஊசி போட்டுக்கொண்டவர் மேஸ்திரி. கரண்டியும் கையுமாகக் குந்தியபடியே அசையாமல் இருந்தார்.

வீட்டுக்காரர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "வேர்வையத்தானே குடிக்குது. உன் தண்ணிய ஒண்ணும் குடிக்கலயே."

"அது எதக் குடிச்சா உங்களுக்கென்ன? நான் எந்திரிக்கப்போறதில்ல."

"எவ்வளவு நேரம் சிஸ்டர்?" மேஸ்திரி உதடு அசையாமல் கேட்டார்.

"அது போறவரைக்கும்."

இறக்கை மெதுவாகத் திறந்து மூடியது. மேலே பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. சட்டியில் கலவை ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்தது.