காந்த மெத்தைகள்

தையற்காரியின் வீட்டில் மூன்று அறைகள். ஒன்றில் அவளும் கணவனும் படுத்தார்கள். இன்னொன்றில் தையல் மெஷின் ஓடியது. மூன்றாவதில் காந்த மெத்தைகள் குடியிருந்தன. உறைகூடப் பிரிக்காமல் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன.

கொண்டுவந்து குவித்தவன் கணவன்தான். உள்ளே தைத்திருக்கும் காந்த வில்லைகள் முதுகுவலியிலிருந்து முடி உதிர்வதுவரை எல்லாவற்றையும் குணப்படுத்தும் என்று ஏதோ ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, வேலையை விட்டுவிட்டு விற்கக் கிளம்பியவன். மெத்தை விற்று ஆள் சேர்த்தால் பட்டம் கொடுப்பார்கள். அவன் 'சில்வர்' வரை ஏறினான். அதற்குள் சொந்தபந்தம் அத்தனை பேர் தலையிலும் ஆளுக்கொன்று கட்டிவிட்டான். அதன்பிறகு அவனைத் தெருவில் கண்டால் எல்லோருக்கும் எதிர்ப்பக்கத்தில் அவசர வேலை வந்துவிடும். கம்பெனியை இழுத்து மூடி வருஷங்களாயின. அவன் மட்டும் இன்னும் சில்வரிலிருந்து இறங்கவில்லை. அவளும் மனதுக்குள் அவனை சில்வர் என்றுதான் கூப்பிடுவாள். வாய்விட்டுக் கூப்பிடமாட்டாள், சந்தோஷப்பட்டுத் தொலைப்பான்.

மகள் வேலை மாற்றிக்கொண்டு குழந்தையோடு இந்த ஊருக்கே வருவதாகச் சொன்னாள். அறை வேண்டும்.

"அந்த மெத்தைங்கள ஒழிச்சுக் கட்டணும்" என்றாள் தையற்காரி.

"ஒழிச்சுக் கட்டுறதா? ஒவ்வொண்ணும் ஒரு ஆஸ்பத்திரிக்குச் சமம். தெரிஞ்சு பேசு."

"உங்க ஆஸ்பத்திரில ஒருத்தராவது பொழச்சாங்களா?"

"மார்க்கெட் திரும்பும். அப்ப நீயே வந்து கேப்ப."

மார்க்கெட் எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் கழுத்து திரும்பாமல் அவன் தைலத்தோடு படுப்பதை அவள் தினமும் பார்க்கிறாள். தனக்குத் தையல் வேலை கொடுக்கும் திரைச்சீலைக் கடைக்காரரிடம் வேனை இரவல் வாங்கி, மெத்தைகளை ஏற்றிக்கொண்டு, ஊரின் கழிவு சேகரிப்பு மையத்துக்கு ஓட்டிப் போனாள்.

அங்கே மஞ்சள் சட்டை போட்ட பெண் ஒருத்தி ஒரு மெத்தையைத் தடவிப் பார்த்தாள். கையிலிருந்த சாவிக்கொத்தை அதன்மேல் வைத்தாள். சாவி ஒட்டிக்கொண்டது.

"காந்தமா? அப்படியே எடுக்க முடியாதுக்கா. அரைக்கிற மிஷின்ல போய் ஒட்டிக்கிட்டா அன்னைக்கு வேலையே நின்னுடும். பிரிச்சுக் கொண்டு வாங்க. துணி தனி, பஞ்சு தனி. காந்தத்த நடுவுல அட்டை வச்சுக் கட்டி இரும்புப் பக்கம் குடுங்க."

வேன் வந்த வழியே திரும்பியது. தையற்காரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்தாள். முதல் மெத்தையின் ஓரத்தைப் பார்த்ததுமே முகம் சுளித்தாள். கோணல் தையல், நீள நீளமான இழை. கொக்கிக்கு வேலையே இல்லை. விரலால் இழுத்தாலே நூல் கையோடு வந்தது. தொழில் பழக வந்த முதல் வாரத்தில்கூட அவள் இப்படித் தைத்ததில்லை. உள்ளே சின்னச் சின்னப் பைகள். பாதிப் பைகளில் வில்லை இருந்தது. மீதிப் பைகளில் காற்று.

"இங்க வாங்க. இதுல ஒண்ணுமே இல்ல."

சில்வர் குனிந்து பார்த்தான். கொஞ்சம் யோசித்தான்.

"எல்லாத்துலயும் வச்சா பவர் ஜாஸ்தியாயிடும். உடம்பு தாங்காது. அதுக்குத்தான் கணக்கா விட்டிருக்காங்க."

இந்த ஆளோடா இத்தனை காலம் ஒரே தட்டிலிருந்து எடுத்துத் தின்றோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே இளக்காரமாக இருந்தது.

பிரித்து முடிக்க அந்த வாரம் முழுக்கப் பிடித்தது. சனிக்கிழமை காலை மூட்டைகளை வேனில் ஏற்றினாள். "மரியாதையா இறக்குறாங்களான்னு பாக்கணும்" என்று சில்வரும் முன்சீட்டில் ஏறிக்கொண்டான்.

மையத்தில் அவர்களுக்கு முன்னால் ஒரு பெரிய கார் நின்றது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒருவர் பின்கதவைத் திறந்து மெத்தைகளை இழுத்துக்கொண்டிருந்தார். அதே மெத்தைகள். சில்வர் வேன் நிற்பதற்கு முன்பே குதித்து ஓடினான்.

"டயமண்ட் சார்!"

அவனை இதில் சேர்த்துவிட்டவர். மேடையில் நின்று, இந்த மெத்தையில் படுத்துத்தான் செத்துப் பிழைத்தேன் என்று கண்ணீர் விட்டவர். திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அட, நீயாப்பா! இது... என்னோடது இல்ல. எதிர்வீட்டுப் பெரியவரோடது. பாவம், தூக்க முடியாதேன்னு நான் கொண்டு வந்தேன்."

ஒவ்வோர் உறையிலும் டயமண்டின் படம் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"எதிர்வீட்டுப் பெரியவர் உங்களை மாதிரியே இருக்காரே" என்றாள் தையற்காரி.

டயமண்ட் தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டார். சில்வர் அதற்குள் மெத்தையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தான். "நீங்க விடுங்க சார், நான் பாத்துக்கறேன்."

மஞ்சள் சட்டைக்காரி அவருக்கும் அதையே சொன்னாள். பிரித்துக் கொண்டுவா.

டயமண்ட் சில்வரின் தோளில் கை போட்டார். "நம்பிக்கை உள்ளவன் நீ ஒருத்தன்தான் மிச்சம். இத உன்கிட்ட விட்டுட்டுப் போறதுல எனக்குத் திருப்தி."

சில்வரின் கண்கள் கலங்கின. மனைவியிடம் ஓடி வந்தான். "நம்ம வேன்தான் இப்ப காலியாயிடுமே?"

"குப்பையக் கொண்டாரத்தான் வண்டி கேட்டேன். திருப்பிக் கொண்டுபோக இல்ல." மூட்டைகளை அந்தந்தத் தொட்டியில் போட்டாள், வேனைப் பெருக்கினாள், ஏறி ஓட்டிக்கொண்டு போனாள். அவன் சிறிது தூரம் கையை ஆட்டியபடி பின்னால் ஓடி வந்தது கண்ணாடியில் தெரிந்தது.

மத்தியானம் அந்தப் பெரிய கார் வீட்டு வாசலுக்கு வந்தது. மெத்தைகளையும் சில்வரையும் இறக்கியது. டயமண்ட் இறங்கவே இல்லை. கால்வாசி இறக்கிய கண்ணாடி வழியாக "வரேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டார்.

தையற்காரி கொக்கியை வாசற்படியில் வைத்தாள்.

"பிரிச்சு முடிச்சிட்டு உள்ள வாங்க."

"நானா? நான் ஒரு சில்வர்..."

"துணி ஒரு பக்கம், பஞ்சு ஒரு பக்கம், காந்தம் ஒரு பக்கம். சில்வர எதுல போடுறதுன்னு அவங்ககிட்டக் கேக்க மறந்துட்டேன்."

முன்கதவையும் பின்கதவையும் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். கொஞ்ச நேரம் தட்டினான். பிறகு போவோர் வருவோரிடம் காந்தத்தின் மகிமையை விளக்கினான். யாரும் நிற்கவில்லை. கடைசியில் துணி கிழியும் சத்தம் கேட்டது. தையலைப் பிரிக்கத் தெரியாமல் கிழித்துக்கொண்டிருந்தான்.

அவள் காலியான அறையைக் கழுவி, கட்டிலைப் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

பொழுது சாயும்போது மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கதவைத் தட்டி உள்ளே வந்தாள்.

"என்னம்மா, அப்பா வாசல்ல பஞ்சுக்கு நடுவுல உட்காந்திருக்காரு?"

"வேலை பாக்குறாரு" என்றாள் தாய், குழந்தையைக் கையில் வாங்கியபடி. "பேச்சுக் குடுக்காத. நின்னுடும்."