மின்னல் மீது ஒரு புகார்

பாதிச் சட்டையில் மோட்டார் தையல் மெஷின் நின்றுவிட்டது. தையல்காரி அண்ணாந்து பார்த்தாள். மின்விசிறியும் நின்றிருந்தது. எதிர்வீட்டில் மட்டும் டிவி அலறிக்கொண்டிருந்தது.

வாசல் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: வீட்டில் தொழில் செய்யக் கூடாது, இன்றே அமல். கீழே குடியிருப்புத் தலைவரின் கையெழுத்து. அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் மின்னல். மாதக்கணக்கில் பழுதாகிக் கிடந்த லிஃப்டை ஒரே நாளில் ஓட வைத்த மனிதர். அந்தச் சந்தோஷத்தில், விதி போடும் குழுவையும் புகார் கேட்கும் குழுவையும் கலைத்துவிட்டு, எல்லாவற்றையும் அவர் கையிலேயே தூக்கிக் கொடுத்திருந்தார்கள். வேலை சட்டுப்புட்டென்று முடியட்டுமே என்று முதலில் கை தூக்கியவளே இந்தத் தையல்காரிதான். இப்போது அவள் பிழைப்பே முடிந்துவிடும் போலிருந்தது.

நேராகத் தலைவர் அறைக்குப் போனாள்.

"மீட்டர் ரூம்ல என் வீட்டு ஃப்யூஸை யாரு சார் பிடுங்கினது?"

"நான்தாம்மா. விதியை மீறினா பிடுங்கித்தானே ஆகணும்?"

"அந்த விதி எப்ப வந்துச்சு?"

"காலையில போட்டேன்."

"எனக்கு இதுல நியாயம் கேக்கணும் சார்."

"தாராளமா கேளுங்க. புகார் நேரம் நாலு மணி."

நாலு மணிக்குப் போனாள். அதே நாற்காலி, அதே மின்னல். மூக்கில் கண்ணாடி மட்டும் புதிதாக ஏறியிருந்தது. முழுப் புகாரையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விசாரிச்சுட்டேன். தலைவர் செஞ்சது சரிதான்" என்றார். மனிதர் கிண்டல் செய்யவில்லை, மனதாரத்தான் சொன்னார்.

பஸ் ஓட்டும் கணவன் வீடு திரும்பியதும் கேட்டாள்: "ஏங்க, நாட்டுலயும் இப்படித்தானா?"

"இல்ல. சட்டம் போடுறது சட்டசபை, நடத்துறது அரசாங்கம். தப்பா நடத்தினா கோர்ட்டு தடுக்கும். அரசியல் சட்டத்துலயே அப்படிப் பிரிச்சு வச்சிருக்காங்க."

"அரசாங்கத்தையேவா தடுக்கும்?"

"அரசாங்கத்தையேதான்."

"அம்மாடி! அவ்வளவு பெரிய அரசாங்கத்துக்கே கடிவாளம் இருக்கு, நம்ம மின்னலுக்கு இல்லையே!"

வீடு வீடாகப் போய் இதையே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியது. மாடி வீட்டு நர்ஸ் எழுந்து, "இவங்களையே தலைவியாக்கிடலாம். நியாயமானவங்க" என்றதும் கைதட்டல் பறந்தது.

தையல்காரி தயங்கித் தயங்கி எழுந்தாள். "தலைவின்னு சொன்னதும் என் மனசுல முதல்ல என்ன ஓடிச்சு தெரியுமா? இவர் வீட்டு ஃப்யூஸைப் பிடுங்கணும்னுதான்."

எல்லோரும் சிரித்தார்கள், மின்னலைத் தவிர.

"நிஜமாத்தான் சொல்றேன். எனக்கே அப்படித் தோணுதுன்னா, ஒரே ஆள்கிட்ட எல்லாத்தையும் கொடுக்கலாமா? விதி போடுறவங்க வேற, நடத்துறவங்க வேற, நியாயம் சொல்றவங்க வேறயா இருக்கட்டும். ஒருத்தர் தப்புப் பண்ணா இன்னொருத்தர் கையைப் பிடிச்சு நிறுத்தட்டும். வேலை கொஞ்சம் தாமதமாகும். ஆனா ஆகட்டுமே!"

மின்னலின் முகம் வாடிவிட்டது. "நான் கெட்டவனாம்மா?"

"நீங்க நல்லவர்தான் சார். ஆனா நாளைக்கு நான் அந்த நாற்காலியில உக்காந்து உங்க ஃப்யூஸைப் பிடுங்கினா, நீங்க யார்கிட்ட போய்ச் சொல்வீங்க?"

மின்னல் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மீட்டர் அறைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பிரிச்சிடுங்கம்மா. அதிகாரம் பிரிஞ்சு இருந்தாத்தான் யாரும் யாருக்கும் பயப்பட வேண்டாம். நானும்தான்."