சங்கு ஊதிய பிறகு

அணையைத் திறக்கப் போகிறார்கள் என்று மதியமே அறிவித்துவிட்டார்கள். ஆற்றுத் திட்டில் கிடந்த தண்ணீர் பம்ப் போனால் போகட்டும் என்றாள் அண்ணி. சின்னவள் கேட்கவில்லை.

சின்னவளின் அண்ணன் கப்பல் வேலைக்குப் போன பிறகு, இரண்டு பெண்களும் சேர்ந்துதான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார்கள். சேர்ந்து என்பது பேருக்குத்தான். அண்ணி கல்யாணமாகி வரும்வரை தோட்டம் சின்னவள் கையில் இருந்தது. வந்த நாளிலிருந்து யார் சொல்வது நடக்க வேண்டும் என்பதில் ஓயாத இழுபறி. அன்று சின்னவள் சொன்னது நடந்தது. அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிக்கப்பை ஆற்றுக்குள் இறக்கினாள். வழியில் ஏதோ பாறை அடியில் இடித்து வண்டி அதிர்ந்தது. இறங்கிப் பார்க்காமலே ஓட்டினாள்.

பம்ப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கியபோது சின்னவளுக்குக் கூழாங்கல் வழுக்கியது. இரும்பு மொத்தமும் அவள் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. அண்ணி அதைப் புரட்டித் தள்ளியபோது கால் கோணலாகத் திரும்பியிருந்தது. சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அணைப் பக்கமிருந்து சங்கு ஊதியது.

அக்குளில் கைகொடுத்து இழுத்து அவளை வண்டிக்குள் ஏற்றுவதற்குள் அண்ணிக்கு மூச்சு வாங்கிவிட்டது. அவள் ஒல்லி, சின்னவள் நல்ல வாட்டசாட்டம். தூக்கிக்கொண்டு கரைக்கு நடப்பது நடக்காத காரியம். சின்னவளை முன் இருக்கையில் குறுக்குவாட்டில் உட்காரவைத்து, காலை நீட்டிவிட்டு, சாவியைத் திருப்பினாள்.

'டக்.'

அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினாள். மறுபடியும் ஒரே ஒரு 'டக்'.

பக்கத்துத் தோட்டக்காரருக்குப் போன் போட்டாள். டிராக்டரை எடுத்துக்கொண்டு உடனே கிளம்புவதாகச் சொன்னார். ஆனால் அவர் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். திட்டுக்கும் கரைக்கும் நடுவே கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் அதற்குள் கலங்கலாகிவிட்டது.

சின்னவளை ஸ்டியரிங் பக்கமாக நகர வைத்து, சாவியை அவளிடம் விட்டுவிட்டு அண்ணி பானெட்டைத் திறந்தாள். பேட்டரி முனைகளை ஆட்டிப் பார்த்தாள், இறுக்கமாக இருந்தன. ஒன்றில் பூத்திருந்த பச்சையைக் கத்தியால் சுரண்டினாள். முன்விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னாள். 'டக்' கேட்டது, விளக்கு மங்கவேயில்லை. பேட்டரி செத்திருந்தால் விளக்கும் சேர்ந்து அணைந்திருக்கும். அப்படியானால் ஸ்டார்ட்டர் மோட்டார்தான் சிக்கியிருக்க வேண்டும். தட்டிப் பார்க்கலாம். ஆனால் அது அடியில் இருந்தது.

கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று கேட்டாள். சின்னவள் கியர் கம்பை ஆட்டிக் காட்டினாள். சக்கரங்களுக்குக் கல் அண்டைகொடுத்துவிட்டு, சுத்தியலோடு அண்ணி அடியில் ஊர்ந்தாள். முதுகில் ஈரம் ஏறியது. தண்ணீர் திட்டுக்கே வந்துவிட்டது. ஸ்டார்ட்டரை ஓங்கித் தட்டியபடியே திருப்பச் சொன்னாள். 'டக்'. இன்னொரு தட்டு. 'டக்'.

வெளியே வந்தபோது சின்னவள் அவளைப் பார்க்காமல் பேசினாள்.

"அண்ணி, நீங்க கரைக்குப் போயிடுங்க. இப்ப போனா நடந்தே போயிடலாம்."

"உன்னை விட்டுட்டா?"

"வீம்பு பிடிச்சது நான்தானே."

"அதைச் சாவகாசமா வீட்ல வச்சுக்கலாம். இப்ப சாவியைத் திருப்பு."

திருப்பினாள். சின்னவள் மூக்கைச் சுளித்தாள்.

"ஏதோ கருகுது அண்ணி. ஆக்சிலேட்டர் மிதி இருக்குல்ல, அங்க புகை வருது."

அண்ணி எட்டிப் பார்த்தாள். மிதியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கம்பியின் மேலுறை இளகியிருந்தது. தொட்டாள், சுட்டது. மின்சாரமே இல்லாத கம்பி ஏன் சுட வேண்டும்? ஒரு கணம் அப்படியே நின்றாள். ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகிறது. திரும்பி வரத்தான் வழியில்லை. பெரிய வழி அடைபட்டதால், கிடைத்த சந்தாக இந்தக் கம்பியில் புகுந்து வருகிறது.

இன்ஜினுக்குப் பின்னால் தலையை விட்டுத் துழாவினாள். இன்ஜினையும் வண்டிச் சட்டத்தையும் இணைத்து மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் எர்த் பட்டை அறுந்து தொங்கியது. இறங்கும்போது இடித்த பாறையின் வேலை.

டிராக்டர் பேட்டரிக்காக வைத்திருந்த ஜம்பர் கேபிள் இருக்கைக்கு அடியில் கிடந்தது. கறுப்புக் கேபிளின் ஒரு கவ்வியைப் பேட்டரியின் மைனஸில் மாட்டினாள். இன்னொன்றை இன்ஜினில் மாட்டினாள். கிரீஸில் வழுக்கி விழுந்தது. முந்தானையால் இரும்பைத் துடைத்துவிட்டு, பல் பதியும்படி அழுத்திப் பிடித்தாள். தண்ணீர் அவள் முழங்காலைத் தொட்டது. பம்ப் ஒருமுறை உருண்டு கண்ணிலிருந்து மறைந்தது.

"திருப்பு."

இன்ஜின் ஒரு உலுக்கு உலுக்கிப் பிடித்துக்கொண்டது.

பானெட்டைச் சாத்திவிட்டு, சக்கரத்துக் கற்களைப் பிடுங்கி எறிந்தாள். சின்னவள் இரண்டு கைகளையும் ஊன்றித் தன்னைத்தானே பக்கத்து இருக்கைக்கு இழுத்துக்கொண்டாள்; அப்போது மட்டும் ஒரு முனகல் வந்தது. அண்ணி ஏறி, முதல் கியரில் வண்டியைத் தண்ணீருக்குள் விட்டாள். கதவிடுக்கு வழியாக உள்ளே நீர் கசிந்தது. நடுவில் பின்பக்கம் ஒருதரம் மிதந்து விலகியது. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுக்கவில்லை. எடுத்தால் தீர்ந்தது என்று தெரியும். முன்சக்கரம் கரைமண்ணைக் கவ்வியது.

மேலே ஏறி நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது திட்டே இல்லை. ஒரே செம்மண் வெள்ளம், மரக்கிளைகளோடு பாய்ந்துகொண்டிருந்தது. தோட்டக்காரரின் டிராக்டர் தூரத்துத் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

சின்னவள் அவள் தோளில் கையை வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில போய் அழுங்க அண்ணி. கால் உயிர் போகுது."

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். இன்ஜினை அணைக்க இருவருக்குமே துணிச்சல் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சின்னவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி உள்ளே கொண்டுபோன பிறகும் வண்டி வெளியே உறுமிக்கொண்டே நின்றது.