கைதவறி விழுந்த வாட்ச்

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சொல்கிறவனின் இரண்டு கண்கள் மேல் ஆணை. ஒரு கண்ணில் புரை விழுந்திருக்கிறதே என்று யாரும் ஆணையில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டாம்.

வாட்ச் ரிப்பேர் செய்யும் வாட்சக்காவின் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. படியில் யாராவது தடதடவென்று இறங்கினால் மேஜை அதிரும். மேஜை அதிர்ந்தால் அவள் இடுக்கியில் பிடித்திருக்கும் கடுகிலும் சின்ன வாட்ச் கல் எங்காவது பறக்கும். கல் பறந்தால் வாட்சக்கா வாயைத் திறப்பாள். அதன் பிறகு அன்று முழுக்க அந்தப் படியில் ஒருவரும் நடமாட மாட்டார்கள். மாடியில் இருந்த பல் வைத்தியரிடம் வந்தவர்கள், பல்லைப் பிடுங்கிய வலியிலும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பூனைபோல இறங்கிப் போனார்கள்.

ஆனால் அன்றைக்கு அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததற்குப் படி காரணமில்லை. மேஜைக்கு எதிரே அவளுடைய தங்கையின் புருஷன் நின்றுகொண்டிருந்தான். அடுத்த தெருவில் பிரஸ் வைத்திருப்பவன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், விசிட்டிங் கார்டு எல்லாம் அடிப்பான். விரலிடுக்கில் எப்போதும் மை. நீட்டிய உள்ளங்கையில் அவன் அப்பா காலத்து வாட்ச், மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது.

"கைதவறி விழுந்துடுச்சுக்கா."

ஒவ்வொரு முறையும் இதே வார்த்தைதான். வாட்சக்கா லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு, வார் மாட்டும் இடுக்கைப் பார்த்தாள். இளம்பச்சை.

இங்கே பிரஸ்காரன் வீட்டுச் சுவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிச்சமான அச்சு மையை வீணாக்க மனமில்லாமல் சுண்ணாம்பில் கலந்து அடித்திருந்தான். அதனால் கூடம் ஊதா, படுக்கையறை ரோஜா நிறம், சமையலறை இளம்பச்சை. வாட்ச் இடுக்கில் ஒட்டியிருக்கும் நிறத்தை வைத்து, சண்டை எந்த அறையில் நடந்தது என்று வாட்சக்கா சொல்லிவிடுவாள். ஒருமுறை மூன்று நிறமும் ஒட்டியிருந்தன. அன்று ஏதோ பெரிய விஷயம்.

"கீழே விழுந்த வாட்ச், எதுக்குத் தம்பி சமையலறைச் சுவரை முட்டிட்டு வந்திருக்கு?"

"வழுக்கிட்டுப் போயிடுச்சுக்கா."

"மேல் நோக்கியா வழுக்குச்சு?"

பிரஸ்காரன் கூரையைப் பார்த்தான். மாடிப்படியின் அடிப்பாகம்தான் தெரிந்தது.

அவனுக்குக் கோபம் மூக்கு நுனியில். வந்தால் கையில் இருப்பது பறக்கும். தட்டு, டம்ளர் எல்லாம் பறந்து முடிந்த ஒரு நாளில், "உங்க சாமானை எறிஞ்சுக்கங்க, வீட்டுச் சாமானைத் தொட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன்" என்று தங்கை சொல்லிவிட்டாள். கையில் அவனுடையதாக இருந்தது வாட்ச் மட்டும். அன்றிலிருந்து அதைக் கழற்றிச் சுவரில் எறிவான். ஓடிப்போய் எடுப்பான். காதில் வைப்பான். சத்தம் நின்றிருக்கும். வாட்ச் நின்றதும் கோபமும் நின்றுவிடும். பிறகு நல்ல பிள்ளையாகத் தலையை வாரிக்கொண்டு வாட்சக்கா கடைக்கு வருவான்.

உள்ளே உடைவது ஒரே இடம். பேலன்ஸ் சக்கரம் ஒரு மெல்லிய தண்டில் இப்படியும் அப்படியும் ஆடும். அந்தத் தண்டின் இரண்டு முனைகளும் தலைமுடியைவிட மெலிசு. மேலும் கீழும் ஆளுக்கொரு சிவப்புக் கல்லின் துளையில் அவை நிற்கும். பழைய வாட்ச்சில் அந்தக் கல் உலோகத்தில் இறுகப் பதிந்திருக்கும், இம்மிகூட அசையாது. அடி விழுந்தால் சக்கரத்தின் பாரம் முழுக்க அந்த முடியளவு முனையில் இறங்கும். முறிந்து போகாமல் என்ன செய்யும்? வாட்சக்கா கையகல லேத்தில் மூச்சை அடக்கிப் புதுத் தண்டு கடைய வேண்டும். மூச்சு விட்டால் முனை போய்விடும். கோபத்தையும் மூச்சையும் சேர்த்து அடக்குவது எவ்வளவு சிரமம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அவன் எறிந்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். 'கைதவறி' என்ற வார்த்தையைத்தான் பொறுக்க முடியவில்லை. போன வாரம் தங்கையைக் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டபோது, அவளும் கீழே பார்த்தபடி, "கைதவறிடுச்சுக்கா" என்றாள். சின்ன வயதில் பொய் சொல்லத் தெரியாமல் அடி வாங்கிய பெண். இவன் வீட்டுக்குப் போய் இந்த ஒரு பொய்யை இவ்வளவு சரளமாகப் படித்திருக்கிறாள். வாட்சக்காவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது. இவன் வாயிலிருந்து 'எறிஞ்சேன்' என்று ஒரே ஒரு முறை வரவழைக்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

"வச்சுட்டுப் போ" என்றாள். "இனிமே கைதவறி விழுந்தா நிக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

பிற்காலத்து வாட்ச் ஒன்று, கண்ணாடியும் முள்ளும் போய், இழுப்பறையில் பிணமாகக் கிடந்தது. அதிலிருந்து அதிர்ச்சி தாங்கும் பாகத்தைக் கழற்றினாள். அதில் கல் இறுகப் பதிந்திருக்காது. சரிவான குழியில் ஒரு குட்டிக் கிண்ணம், அந்தக் கிண்ணத்துக்குள் கல், அதன் மேல் யாழ் வடிவத்தில் ஒரு ஸ்பிரிங். அடி விழுந்தால் கிண்ணம் கல்லோடு சேர்ந்து பக்கவாட்டில் நகரும், இல்லாவிட்டால் மேலே எழும்பும். நகர்ந்ததும் தண்டின் மெல்லிய முனை தப்பித்து, அதையடுத்த தடித்த பகுதியான தோள், பக்கத்து உலோகச் சுவரில் போய் இடிக்கும். அடியைத் தோள் வாங்கிக்கொள்ளும். அடி ஓய்ந்ததும் ஸ்பிரிங் கிண்ணத்தை அதே சரிவில் சறுக்கவிட்டுப் பழைய இடத்திலேயே உட்கார வைக்கும். ஒன்றும் நடக்காததுபோல சக்கரம் ஆடிக்கொண்டிருக்கும்.

மேலே ஒன்று, கீழே ஒன்றாகக் குழி தோண்டி, பொருத்தி, அதற்கேற்ற தண்டையும் கடைந்து மாட்டினாள். சாவி கொடுத்தாள். சோதித்துப் பார்க்க வேண்டுமே! பிரஸ்காரன் முகத்தை மனசில் நினைத்துக்கொண்டு ஓங்கிச் சுவரில் அடித்தாள்.

ஓடியது.

இன்னொரு முறை அடித்தாள். ஓடியது. மூன்றாவது முறைக்குத் தேவையே இல்லை, ஆனாலும் அடித்தாள். பக்கத்துக் கடை டெய்லர், கழுத்தில் அளவு நாடா தொங்க எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, தொழிலை விட்டுட்டீங்களா?"

"டெஸ்ட் பண்றேன்."

"வாட்சையா, சுவரையா?"

"உங்க தலை சும்மா இருந்தா கொண்டாங்க, அதையும் பண்ணிடறேன்."

டெய்லர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அடுத்த கோபம் வர அதிக நேரம் ஆகவில்லை. பிரஸ்காரன் வாட்ச்சைக் கழற்றினான், எறிந்தான், எடுத்துக் காதில் வைத்தான். டிக் டிக் டிக். அவனுக்குப் புரியவில்லை. மறுபடி எறிந்தான். டிக் டிக். மொட்டை மாடிக்கு ஏறி, அங்கிருந்து வீசினான். அது எதிர்வீட்டுத் தகரக் கூரையில் குதித்து, எகிறி, தெருவில் போன தபால்காரரின் சைக்கிள் மணியில் இடித்தது. மணிச் சத்தம் கேட்டுத் தபால் வந்திருக்கிறதென்று தெருவே வெளியே வந்தது. வந்தவர்களில் ஒருவர் வாட்ச்சைத் துடைத்துக் கொண்டுவந்து, "நல்ல வாட்ச் சார், கரெக்ட் டைம் காட்டுது" என்று பாராட்டிவிட்டுப் போனார். முன்பெல்லாம் கொஞ்சம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. தகரத்தில் குதித்ததில் அதுவும் சரியாகிவிட்டது.

வாட்ச் நிற்காததால் கோபமும் நிற்கவில்லை. சாப்பிடும்போது கோபம், குளிக்கும்போது கோபம். தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது. பிரஸ்ஸில் அவன் கோத்த எழுத்தெல்லாம் கோபமாகவே வந்து விழுந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'குடும்பத்துடன் வருகை தந்து' என்று வர வேண்டிய இடத்தில் 'தைரியம் இருந்தால் வந்து பார்க்கவும்' என்று அச்சாகிவிட்டது. அந்த ஊர் கண்ட கல்யாணங்களிலேயே அதற்குத்தான் கூட்டம் அதிகம். ஒருத்தரும் தன்னைக் கோழை என்று ஒத்துக்கொள்ளத் தயாராக இல்லை. பல் வைத்தியருக்கு அடித்த விசிட்டிங் கார்டில் 'வலித்தால் எனக்கென்ன' என்றிருந்தது.

கடைசியில் ஒரு காலை, வாட்சக்கா கடையைத் திறந்து நாற்காலியில் உட்காரும்முன், பிரஸ்காரன் கண் சிவக்க வந்து நின்றான். பின்னாலேயே தங்கையும் வந்தாள். அவள் முகமும் சரியில்லை.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க இதுல? நிக்கவே மாட்டேங்குது!"

"வாட்ச் ஓடுதுன்னு கம்ப்ளைன்ட் பண்ண வந்த முதல் ஆள் நீங்கதான் மாப்பிள்ளை." கோபம் முற்றினால்தான் அவனை மாப்பிள்ளை என்பாள். "கைதவறி விழுந்தா நிக்கக் கூடாதுன்னு சொன்னேன், நிக்கலை. அப்புறம் என்ன குறை?"

"அதில்லக்கா..."

"கைதவறித்தானே விழுது?"

"ஆமா, ஆனா எத்தனை தடவை எறிஞ்சாலும்..."

வாய்தவறிவிட்டது. வாட்சக்கா இடுக்கியை மேஜையில் வைத்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"கை... கைதவறி எத்தனை தடவை..."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னீங்க. அதைச் சொல்லுங்க."

சண்டை வாசம் பிடித்து டெய்லர் வந்து சேர்ந்தார். இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கும் ஆசை அவருக்கு. "விடுங்கக்கா" என்றார். "நீங்களே அப்புறம் ஒரு நாள் எனக்கு விளக்கிச் சொன்னீங்களே, அடி விழும்போது கல்லு கொஞ்சம் விலகிக் கொடுத்து மறுபடி பழைய இடத்துக்கு வந்துடும்னு. வீட்டுலயும் ஒரு ஆள் அந்த மாதிரி விலகிக் கொடுத்துட்டா..." என்று தங்கையைப் பார்த்துச் சிரித்தார்.

தங்கை சிரிக்கவில்லை.

"நான் விலகினதாலதான் அது இத்தனை நாளா சுவர்ல படுது" என்றாள். "விலகலைன்னா எங்க பட்டிருக்கும்? நீங்க அளவெடுக்கிறவர்தானே, வந்து அளந்து பார்த்துச் சொல்லுங்க. சுவர்ல இருக்கிற பள்ளமெல்லாம் சரியா என் தலை உயரம்."

டெய்லர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றி, சுருட்டி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மாடிப்படியில் யாரோ தடதடவென்று இறங்கினார்கள். மேஜை அதிர்ந்தது. வாட்சக்கா வாயைத் திறக்கவில்லை.

"எறிஞ்சேன்" என்றான் பிரஸ்காரன். யாரையும் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னான். "ஒவ்வொரு தடவையும் நான் எறிஞ்சதுதான்."

இந்த வார்த்தைக்காகத்தான் வாட்சக்கா அத்தனை பாடுபட்டு அந்தத் தண்டைக் கடைந்தாள். இது காதில் விழுந்தால் நெஞ்சு குளிர்ந்துவிடும் என்று நினைத்திருந்தாள். குளிரவில்லை. சின்ன வயதில் ஒரே பாயில் படுத்த தங்கையின் தலை உயரம் அவளுக்குத் தெரியும். இதுவரை எரிந்தது அடுப்பு என்றால் இப்போது கூரையே பற்றிக்கொண்டது.

"ஏடி, இங்க வா. கையை நீட்டு" என்றாள் தங்கையிடம்.

அவன் உள்ளங்கையிலிருந்து வாட்ச்சை எடுத்து, வாரில் புதிதாக ஒரு துளை போட்டு, தங்கையின் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள். "இனிமே இது இவ கையில இருக்கும். எறியணும்னா இவகிட்ட கேட்டு வாங்கணும். எதுக்குன்னும் சொல்லிக் கேக்கணும். வேற எதையாவது தூக்கினீங்கன்னா, கூடத்துச் சுவர்ல ஒட்டியிருக்கிற ஊதா கலர் நாளைக்கு உங்க முதுகுல இருக்கும் மாப்பிள்ளை. அதை லென்ஸ் இல்லாமலே ஊர் பார்க்கும்."

"அக்கா, அது எங்கப்பா வாட்ச்..."

"உங்கப்பா எறியலை."

அதன் பிறகு அவன் கேட்காமல் இல்லை. கோபம் தலைக்கேறினால் நேராக வந்து கையை நீட்டுவான்.

"வாட்சைக் கொடு."

"எதுக்கு?"

"எறியணும்."

"காரணம்?"

"துவைச்ச சட்டையில பட்டன் இல்லை."

"போதாது. போய் வேற யோசிச்சுட்டு வாங்க" என்பாள் தங்கை, மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தபடி. அவள் கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சாவி கொடுத்து வைத்ததுபோல அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாருமில்லாத பகல்களில் அவளே வாட்ச்சைக் கழற்றிச் சமையலறைச் சுவரில் ஓங்கி எறிவாள், எடுத்துக் கட்டிக்கொள்வாள். காதில் வைத்துப் பார்ப்பதில்லை. அக்காவிடம் மறைப்பதும் இல்லை. "இன்னைக்கு எறிஞ்சேன்கா" என்று வந்து சொல்லிவிட்டுப் போவாள்.

வாட்சக்கா கடை வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. 'கைதவறி விழுந்த வாட்ச்சுகள் இங்கே பழுது பார்க்கப்பட மாட்டா.' பிரஸ்காரன்தான் அச்சடித்துக் கொடுத்தான். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. வருகிறவர்கள் பலகையைப் படித்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மாமியார் மேல் எறிந்தேன், மேனேஜர் போன பிறகு எறிந்தேன் என்று உள்ளதைச் சொல்லி ரிப்பேருக்குக் கொடுக்கிறார்கள்.

நம்பாதவர்கள் தங்கையிடமே போய்க் கேட்கலாம். வாட்ச் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. கழற்றிக் காட்டச் சொன்னால் காட்டுவாள்.

அது பேட்டரியில் ஓடும் வாட்ச். ஆணையில் பாதியைக் கழிக்க நினைத்தவர்கள் இப்போது கழித்துக்கொள்ளலாம்.